ஸ்பைக்கை எண்ணுவதற்கு முன்

அன்புள்ள யாழினிக்கு,

வெட்டியெடுத்த கரப்பான் காலிலிருந்து நீ எடுத்த நரம்புப் பதிவு வந்தது. காலில் உள்ள ஒரே முள்ளை ஒரே மாதிரி தொட்டாலும் ஒவ்வொரு முறையும் ஸ்பைக் (நரம்பு செல் விடும் மின்துடிப்பு) எண்ணிக்கை வேறாக வருகிறதே, இதில் செய்தி எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் போகுமுன் பதிவைச் சுத்தம் செய்துவிடு.

அடியில் ஓயாமல் கேட்கும் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டு, ட்யூப் லைட்டை அணை, எலெக்ட்ரோடு வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் குட்டையாக வை. ஃபில்டர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டட்டும். ஸ்பைக் ஒரு மில்லிநொடி சங்கதி என்பதால் அதற்குப் பெரிய சேதம் வராது. பிறகு அடுத்தடுத்த ஸ்பைக்குகளின் இடைவெளிகளை ஹிஸ்டோகிராமாக, அதாவது எந்த இடைவெளி எத்தனை தடவை வந்தது என்று காட்டும் கம்ப வரைபடமாக, போட்டுப் பார். ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், ஒரு ஸ்பைக் விட்டதும் அதன் சோடியம் வாயில்கள் சுமார் ஒரு மில்லிநொடிக்கு முடங்கிக் கிடக்கும். அதற்குள் அடுத்தது வர வழியே இல்லை. அந்த இடத்தில் கம்பங்கள் எழுந்து நின்றால், நீ எண்ணிக்கொண்டிருப்பது இரண்டு மூன்று நியூரான்களின் கலவையை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "ஒரே மாதிரி தொட்டேன்" என்பதை நான் நம்பவில்லை. 1926-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், சோட்டர்மேன் என்ற இரு நரம்பு ஆய்வாளர்கள் தவளையின் தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து, ஒரே ஒரு இழுவை உணர்வியின் துடிப்புகளைப் பதிந்தார்கள். இழுவை கூடியபோது துடிப்பின் உயரம் மாறவில்லை. நொடிக்கு எத்தனை என்பதுதான் ஏறியது. அதே இழுவையை அப்படியே வைத்திருந்தால் எண்ணிக்கை தானாக இறங்கியது. உன் கரப்பான் முள்ளும் இதே ஜாதிதான்: எவ்வளவு வளைந்தது என்பதோடு எவ்வளவு வேகமாக வளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். கையில் பிடித்த பல்குச்சிக்கு ஒவ்வொரு தடவையும் வேகம் வேறு. குச்சியை ஒரு சிறிய ஸ்பீக்கர் கூம்பில் ஒட்டி, கம்ப்யூட்டரிலிருந்து ஒரே சிக்னலைக் கொடுத்து அசை. தொட்ட முதல் 100 மில்லிநொடியை ஒரு கணக்காகவும் மீதியை வேறு கணக்காகவும் வை.

அடுத்தது கட்டத்தின் அகலம், அதாவது ஸ்பைக்குகளை எண்ண நேரத்தை எவ்வளவு நீளத் துண்டுகளாக வெட்டுகிறாய் என்பது. 100 மில்லிநொடிக் கட்டத்தில் 5 ஸ்பைக் விழுந்தால் நொடிக்கு 50 என்று அமைதியான கோடு கிடைக்கும். அதையே 10 மில்லிநொடிக் கட்டங்களாக நறுக்கினால் ஒன்றில் நொடிக்கு 100, பக்கத்தில் பூஜ்யம் என்று கோடு குதிக்கும். டேட்டா ஒன்றுதான், கோடுதான் வேறு. ஆகவே அகலத்தை உன் கண்ணுக்கு அழகாக இருப்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதே. அந்த ஸ்பைக்குகளை வாங்கிக்கொள்ளும் அடுத்த செல் எவ்வளவு நேரத்துக்குள் வந்தவற்றைக் கூட்டிப் பார்க்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடு.

தூண்டலைச் சரிசெய்த பிறகும் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சும். மூளையின் மேலடுக்கான புறணியில் இது இன்னும் அதிகம்: சராசரி 25 ஸ்பைக் என்றால் 5 கூடுவதும் குறைவதும் சகஜம், சராசரி 4 என்றால் 2. அதனால் அங்கே ஒரே நியூரானின் பேச்சை யாரும் நம்புவதில்லை. ஜார்ஜோபூலஸ் என்ற மூளை ஆய்வாளர் 1980-களில் குரங்குகளை எட்டுத் திசைகளில் கை நீட்டவைத்துப் பதிந்தபோது, ஒவ்வொரு நியூரானுக்கும் பிடித்த திசை ஒன்று இருந்தது. ஆனால் பக்கத்துத் திசைகளுக்கும் அது கொஞ்சம் குறைவாகத் துடித்தது. ஒவ்வொன்றின் பிடித்த திசையையும் அது துடிக்கும் வேகத்தால் எடைபோட்டுக் கூட்டினால், கை போகும் திசை வந்துவிடுகிறது. நூறு நியூரான்களைக் கூட்டினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும் என்று மட்டும் கணக்குப் போடாதே. பக்கத்துப் பக்கத்து நியூரான்கள் சேர்ந்தே ஆடும். அந்தப் பொதுவான ஆட்டம் கூட்டினாலும் போகாது.

இதற்கு நேர்மாறானது கிரேஃபிஷ் என்ற நன்னீர்ப் பிராணி, பார்க்கச் சிங்கி இறால் மாதிரி இருக்கும். அதன் வயிற்றுப் பகுதியைத் திடீரென்று தட்டினால், பக்கவாட்டு ராட்சத நரம்பிழையில் ஒரே ஒரு ஸ்பைக் போதும், வால் சுருண்டு பிராணி எம்பிவிடும். அங்கே சராசரித் துடிப்பு வேகம் என்ற பேச்சே அர்த்தமற்றது.

நீ எழுதியிருந்த "இந்த நியூரான் தொடுதலைக் குறியீடாக்குகிறது" என்ற வாக்கியத்தை அடித்துவிடு. தொட்டால் துடிக்கிறது என்பதுவரைதான் உன்னிடம் சாட்சி உண்டு. துடிப்பை நீயே மாற்றி, நடத்தை மாறுகிறதா என்று பார்த்தால்தான் மேற்கொண்டு பேசலாம். மூளை ஆய்வாளர் நியூசமின் குழு 1990-இல் அதைச் செய்தது: புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று குரங்கு முடிவுசெய்யும் நேரத்தில், அசைவைப் பார்க்கும் மூளையின் எம்.டி. பகுதியில் ஒரே திசையை விரும்பும் நியூரான் கூட்டத்துக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தார்கள். குரங்கின் பதில் அந்தத் திசைப் பக்கம் சாய்ந்தது.

வெட்டிய காலில் அதற்கு வழியில்லை, அந்த ஸ்பைக்குகளைப் படிக்க அங்கே மூளையோ உடலோ இல்லை. அடுத்து முழுக் கரப்பானின் வால் நீட்சிகளில் காற்றை ஊதிப் பார். அங்கிருந்து போகும் ராட்சத நியூரான்கள்தான் எந்தப் பக்கம் திரும்பி ஓடுவது என்பதில் பங்கு வகிக்கின்றன. அந்தப் பதிவை அனுப்பும்போது எப்போது ஊதினாய் என்பதைக் காட்டும் தூண்டல் சேனலையும் சேர்த்து அனுப்பு. ஸ்பைக் மட்டும் வந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

அன்புடன்,
அம்மா