‘பிரச்னை வரும்’ என்று சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாடுகளில் பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்ட எல்ஜிபிடி மக்கள்) திரைப்பட விழாக்கள் முடக்கப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் படித்து முடிக்கிறவர்கள், தடைச் சட்டம் இருக்கிற நாட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும், நம் ஊரில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் கதை 2018 செப்டம்பரோடு முடிந்துவிட்டதே என்று நிம்மதி அடைந்துவிடக்கூடும். தருமபுரியில் இருக்கிற எனக்கு அந்த நிம்மதி வரவில்லை.

ரஷ்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்களுக்கு இடையிலான உறவு 1993-லேயே குற்றப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. 2008-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘போக் ஓ போக்’ என்ற பால்புதுமையினர் திரைப்பட விழாவைத் தொடங்கியபோது அதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. அப்படியும் விழா தொடங்கும் நேரத்தில் தீயணைப்புத் துறையினர் சோதனைக்கு வந்தார்கள், அரங்குகள் மூடப்பட்டன, படங்களை ரகசியமாக வேறு இடங்களில் காட்ட வேண்டியதாயிற்று. தன்பாலீர்ப்பைச் சிறாரிடம் ‘பிரசாரம்’ செய்வதை நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் வந்தது 2013-ல். அந்த ஆண்டு விழா அரங்குகளுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ‘சர்வதேச எல்ஜிபிடி இயக்கம்’ என்பதையே தீவிரவாதம் என்று அறிவித்துவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் வந்தவர் தீயணைப்பு அதிகாரி, சட்டம் ஐந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது.

துருக்கியிலும் தன்பாலீர்ப்பு குற்றமல்ல. ஆனால் 2017 நவம்பரில் அங்காரா ஆளுநர் முதலில் ஒரு திரைப்பட நிகழ்ச்சியைத் தடை செய்தார், அடுத்த சில நாட்களில் இது தொடர்பான எல்லா நிகழ்ச்சிகளையும் தடை செய்தார். சிலர் ஆத்திரப்படக்கூடும், பொது அமைதி கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2019-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கும்வரை அடிக்கக்கூடியவர்களை யாரும் கேட்கவில்லை. அடி வாங்கக்கூடியவர்களைத்தான் வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

நானும் நண்பர்களும் இங்கே சிறிய அளவில் திரையிடல்கள் நடத்தி வருகிறோம். பால்புதுமையினர் வாழ்க்கையைச் சொல்லும் படங்களை இரண்டு நாள் காட்டலாம் என்று ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தோம். தணிக்கைச் சான்றிதழ் உள்ள படங்கள் மட்டும், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். விஷயம் தெரிந்ததும் மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பிரச்னை வரும் சார், பர்மிஷன் லெட்டர் கொண்டாங்க, பார்க்கலாம்” என்றார். எந்த அலுவலகத்தின் அனுமதி, எந்தச் சட்டத்தின்படி என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2012-ல் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. காதல் என்றாலே இங்கே கடைக்காரர் ஷட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய கடமை யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

அதற்குப் பதில் எப்போதோ வந்துவிட்டது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை முடக்கக்கூடாது, எதிர்ப்பைச் சமாளிக்க முடியாது என்று அரசு கைவிரிக்கவும் கூடாது என்று தீர்ப்பளித்தது. மண்டபக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. காவல் நிலையத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், காவல் துறைக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் பெற்றோருக்கும் பால்புதுமையினர் குறித்த புரிதலை உண்டாக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவிடுவதற்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டதை வெளிப்படையாகப் பதிவு செய்தவர் அவர். அந்த உத்தரவை நிறைவேற்ற ஒரு நல்ல படத்தைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் கெட்டுப்போவார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். நம் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். விராட நகரத்தில் அர்ச்சுனன் பேடியாக வருகிறான், அரவானுக்காகக் கண்ணன் மோகினியாகிறான், பெண் வேடம் கட்டுகிறவர்கள் ஆண்கள். யார் கெட்டுப்போனார்கள்?

377-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் மீண்டும் செல்லும் என்றாக்கியபோதும் மும்பையின் ‘காஷிஷ்’ பால்புதுமையினர் திரைப்பட விழா நிற்கவில்லை, அடுத்த மே மாதமே நடந்தது. பெருநகரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடலாம். இங்கே பேருந்து நிலையத்திலிருந்து மண்டபம் போய்ச் சேருவதற்குள் “நீ இன்னார் பையன்தானே” என்று மூன்று பேர் கேட்பார்கள். அதனால்தான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் பஸ் ஏறி பெங்களூருக்குப் போய்ப் படம் பார்க்கிறார்கள். பஸ் காசும், வீட்டில் சொல்ல ஒரு பொய்யும் இருப்பவர்களால் அது முடியும். அரூர் பக்கத்திலிருந்து ஒரு திருநம்பியோ, பென்னாகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவியோ என்ன செய்வார்கள்?

எனவே, மாவட்ட நிர்வாகத்துக்கு இந்தக் கடிதத்தின் வழியாகவே ஒரு கோரிக்கை: நூலகக் கூடமோ கல்லூரி அரங்கமோ, அரசின் இடம் ஒன்றை இந்தத் திரையிடலுக்குத் தாருங்கள். அரசே இடம் தந்துவிட்டால் மண்டபக்காரர்களின் பயம் பாதி குறையும்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். விழா நடந்தால் அவசியம் செய்தியாளரை அனுப்புங்கள். மேடையைப் படம் எடுக்கட்டும், திரையைப் படம் எடுக்கட்டும், படங்களைப் பற்றி விரிவாக எழுதட்டும். பார்வையாளர் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

தங்கள் வாசகர்,
தருமபுரி