அதிமதுரம் கேட்டு வரும் ஆச்சிகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடைகளில் சுக்கும் வசம்பும் மணக்க வளர்ந்தவள் நான். அதிமதுரத்தைக் குறை சொல்ல வரவில்லை. தொண்டை கட்டினால் இன்றைக்கும் ஒரு துண்டு வேரைத்தான் வாயில் அடக்கிக்கொள்கிறேன். முதலில் வெறும் மரச்சக்கை மாதிரி இருக்கும், அப்புறம் அடித்தொண்டையில் இனிப்பு இறங்கும். வறட்டு இருமலுக்கு அது தரும் இதம் உண்மைதான்.

எங்கள் அப்பத்தா விஷயம் வேறு. இருமலுக்கென்று உங்களில் ஒருவரிடம் பொடி வாங்கினார்கள். இருமல் போன பிறகும் "உடம்புக்கு நல்லதுதானே" என்று தினமும் காலையில் ஒரு கரண்டி, வெந்நீரில். மூன்று மாதம் ஓடியது. வளவில் நடந்துகொண்டிருந்தவர்கள் முகப்புத் திண்ணையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனார்கள். காலில் விரலை அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. பி.பி. மாத்திரைக்கு அடங்கவில்லை. இத்தனைக்கும் ஊறுகாயைக் கூட விட்டிருந்தார்கள்! ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகக் குறைவு. பொடியை நிறுத்தச் சொன்ன டாக்டர்தான் காரணத்தை விளக்கினார்.

வேரின் இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின். அது உடம்பில் மாறி, சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற சுரப்பை அடக்கி வைக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசினுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். வேருக்கு வேர் அளவு மாறும். நூற்றுக்கு 4 பங்கு என்று வைத்தாலே 3 கிராம் பொடியில் 120 மில்லிகிராம் வந்துவிடும்.

பொட்டலம் கட்டும்போது "ஆச்சி, பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, இதய மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு, "இருமல் நின்றதும் நிறுத்தவும்" என்று பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும். அப்பத்தா அந்த ஜாடியை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதன் மேல் நான்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்