ரப்பர் இல்லாத வகுப்பு

புதுக்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பலகை,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைத் தேடிப் படித்த பிறகுதான் மற்ற வரிகளைப் படித்தேன். கட்டு அவிழ்த்த அன்று வீட்டுச் சுவரைப் பார்த்து, "இது நீலமா! இத்தனை நாள் பச்சை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று கேட்டு மருமகளைச் சிரிக்க வைத்தாயாமே. சிரிக்கட்டும். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கே அந்தக் கதைதான். புரை முற்ற முற்ற அவருடைய தோட்டப் படங்களில் செம்மையும் பழுப்பும் ஏறிக்கொண்டே போயின. 1923இல் கண் அறுவை செய்துகொண்ட பிறகுதான் மனிதருக்கு நீலம் நீலமாகத் தெரிந்தது. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் மட்டும் மாடி வகுப்பு என்றால் முரண்டு பிடிக்கிறது. இன்னும் ஒன்றரை வருடம் அதை ஏய்த்து ஓட்டிவிட்டால் ஓய்வு.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு ஓவியப் பீரியடில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். அந்த இரண்டும் முழுதாக எனக்குக் கிடைப்பதில்லை. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் சிரிப்பார். நானும் சாக்பீசை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். மிஞ்சிய பீரியடுகளில் நடப்பதைத்தான் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் முதல் வகுப்பில், "உங்கள் விருப்பம்போல் ஒரு படம் வரையுங்கள்" என்றேன். 42 பேர். முப்பதுக்கும் மேற்பட்ட தாள்களில் என்ன இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். இரண்டு கூம்பு மலை, நடுவில் அரைச் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து காக்கைகள். நாமும் அதைத்தான் வரைந்தோம். இந்த ஊரில் கூம்பு மலை எங்கே இருக்கிறது? சுற்றிலும் இருப்பதெல்லாம் சட்டியைக் கவிழ்த்தாற்போல் மொட்டைப் பாறைகள். ஜன்னல் வழியே ஒன்று தெரிந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது வருடம் நானே கரும்பலகையில் மாம்பழமும் கிளியும் வரைந்து, அதைப் பார்த்து வரையச் சொன்னவன். கிளியைப் பார்த்து வரைந்த கிளியைப் பார்த்து வரைந்த கிளி.

அதனால் இப்போது முதல் வேலையாக ரப்பர்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறேன். சிரிக்காதே. நாலு பேர் உட்காரும் இடத்தை ஒரே வரைபலகையால் அடைத்துக்கொண்ட உனக்கு நான் பெயர் வைத்தேன். ஒரு தாளை ஓட்டை விழும்வரை அழித்த எனக்கு நீ பெயர் வைத்தாய். அந்த ரப்பர்தான் இன்று பிள்ளைகளிடம் ரப்பரைப் பிடுங்குகிறான். பிடுங்கிய முதல் நாள் பாதிப் பேர் பென்சிலைத் தாளில் வைக்கவே இல்லை. "தப்பாகிவிட்டால்?" என்றான் ஒருவன். "பக்கத்திலேயே இன்னொரு கோடு போடு. இரண்டையும் வைத்துக்கொள்" என்றேன். அப்படிச் செய்யலாம் என்றே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்தது செருப்பு. அவரவர் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். (தலைமையாசிரியர் அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்தார். விளக்கம் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.) பழைய காலண்டர் அட்டையின் நடுவில் துளை போட்டுப் பென்சிலை அதில் செருகிக்கொண்டால், வரைகிற கையும் தாளும் அட்டைக்கு அடியில் மறைந்துவிடும். கண் செருப்பின் ஓரத்திலேயே எறும்புபோல் ஊர வேண்டும். கண் ஊருகிற வேகத்தில்தான் கையும் ஊர வேண்டும். அட்டையை எடுத்ததும் வகுப்பே சிரித்தது. தொடங்கிய இடத்துக்கு ஒரு கோடும் திரும்பி வந்து சேரவில்லை. ஆனால் ஒருவன் தாளில் கட்டைவிரல் அழுத்தித் தேய்ந்த பள்ளம் இருந்தது. பிய்ந்த வாருக்கு அவன் அம்மா குத்திக் கொடுத்த ஊக்கு இருந்தது. மலைப் படம் வரைந்த அதே கைதான்.

வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் முட்டையைப் பிடித்தேன். சத்துணவுக் கூடத்தில் சொல்லிவைத்து, வேகவைத்த முட்டைகளை அரை மணி முன்னதாக வாங்கிவந்து, ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் பெஞ்சுக்கு ஒன்றாக வைத்தேன். முட்டையில் எந்த இடம் அதிக இருட்டு என்றால், பார்க்காமலே "அடியில்" என்றார்கள். பார்த்துச் சொல்லுங்கள் என்றதும் அமைதி. பிறகு கடைசி பெஞ்சிலிருந்து, "சார், அடியிலும் லேசாக வெளிச்சம் இருக்கிறது" என்று ஒரு குரல். கீழே கிடந்த தாளில் பட்ட வெளிச்சம் மேலே எழும்பி முட்டையின் வயிற்றைத் தொடுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையன் தாளை உருவிப் பார்த்தான், அந்த வெளிச்சம் போய்விட்டது. மணி அடித்ததும் மாடலைத் தின்றுவிட்டார்கள்.

முகம் வரையும்போது ஈர்க்குச்சி. உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. எல்லோரும் கண்ணை நெற்றியில்தான் வைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவன் முகத்தைக் குச்சியால் அளந்து பார்த்த பிறகும், "இவனுக்கு மட்டும் அப்படி இருக்கிறது" என்றாள் ஒருத்தி.

நாற்காலி வரையும் நாளில் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன். மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு எதிரே நாம் உட்கார்ந்திருந்தோமே, அந்த மார்கழிக் காலை. நம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ராய் சௌத்ரி செய்த சிலை என்ற பயபக்தியில், அந்த நாலு பேரின் தசைகளை ஒவ்வொன்றாகத் தடவி வரைந்து நான் திணறிக்கொண்டிருந்தேன். நீ கால்களுக்கும் கழிகளுக்கும் நடுவே தெரிந்த வானத்தைத் துண்டு துண்டாக வரைந்தாய். முக்கோணம் முக்கோணமாக நிரப்பிக்கொண்டே போனாய். மீதி வெள்ளையில் ஆட்கள் பாறையைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்கள். "நாற்காலியை வரையாதே, அதன் கால்களுக்கு நடுவில் இருக்கிற காற்றை வரை" என்று இப்போது நான் சொல்வதெல்லாம் அன்று உன்னிடம் திருடியது.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஏதோ பெரிய வாத்தியார் போலத் தெரிகிறேன். அந்த நினைப்பை இறக்கிவைத்தவள் ஒரு பெண். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

தண்ணீர் சுமக்கும் வீட்டுப் பெண் அவள். அவள் ஊர்க் குளத்தை வரைந்து வந்தாள். தாளின் நடுவில் சதுரமாகக் குளம். நாலு பக்கமும் படிக்கட்டுகளைப் பாய் விரித்தாற்போல் விரித்திருந்தாள். கரையில் நின்றவர்கள் நாலு திசையிலும் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். தண்ணீருக்குள் மீன்கள், பக்கவாட்டில், கண்ணும் செதிலுமாக. நான் சிவப்பு மையில், "கரையில் நின்று பார்த்தால் மீன் இப்படித் தெரியுமா?" என்று எழுதிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பரில் வகுப்பைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப்போனேன். இங்கிருந்து 16 கிலோமீட்டர்தான். ஆனாலும் பாதிப் பேர் பார்த்ததில்லை. அறிவர் கோயில் சின்னஞ்சிறு குடைவரை. பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். அதை 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவரைக் கல்வெட்டு 'மதுரை ஆசிரியன் இளங்கௌதமன்' என்கிறது. உங்கள் ஊர்க்காரர், என் தொழில்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய முறை வந்தபோது அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். தாமரைக் குளம். கூரை முழுவதும் இலையும் பூவுமாகப் பரந்து கிடக்கிறது, மீன்கள் பக்கவாட்டில், யானை பக்கவாட்டில், பூப்பறிக்கிறவர்கள் எதிரே நிற்பதுபோல். என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "சார், இவர்களும் என்னைப் போலத்தான் வரைந்திருக்கிறார்கள்" என்றாள்.

எத்தனை முறை அந்தக் கூரையைப் பார்த்திருப்பேன்! உன்னோடு ஒரு முறை, தனியாகப் பத்து முறை. "ஆமாம்" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவளிடம் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு பக்கமும் 11 படி என்றாள். வடக்கே மூன்றாம் படி உடைந்திருக்கிறது. அதைப் படத்திலும் உடைத்துத்தான் போட்டிருந்தாளாம். நான் கவனிக்கவில்லை. கண்ணால் பார்த்ததை வரை, தெரிந்ததை வரையாதே என்று வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். அவளோ குளத்தை உள்ளங்கால்களால் அறிந்தவள். இதையும் கூம்பு மலையையும் ஒரே கணக்கில் எழுதியதுதான் என் பிழை. கூம்பு மலை பார்த்ததும் இல்லை, அறிந்ததும் இல்லை. நோட்டிலிருந்து நோட்டுக்குத் தாவிய சொறி.

இப்போது எதையும் இரண்டு தாளில் வரையச் சொல்கிறேன். ஒன்று, நின்ற இடத்திலிருந்து தெரிகிறபடி. மற்றொன்று, அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம். இரண்டாவது தாளுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று இன்னும் தடுமாறுகிறேன். அவளுடைய முதல் தாள் சுமார்தான். அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். கரையில் நின்று வரையவும் அவள் பழக வேண்டும். சிவப்பு மை எழுதிய பழைய தாளைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டாள்.

போனிலேயே படம் செய்துவிடுவதைப் பற்றிக் கேட்டாயே. ஒரு பையன் போனில் நொடியில் செய்த 'கிராமத்துக் குளம்' ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பளபளவென்று இருந்தது. அவள் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் குளம்?" என்றாள். அவனுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் நான் என்ன சொல்ல?

சித்தன்னவாசலில் பார்த்த செங்காவியையும் மஞ்சள் காவியையும் நினைத்துக்கொண்டு ஜனவரியில் நாங்களே வண்ணம் செய்தோம். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்பொடி, சுண்ணாம்பு. மண்ணைத் துணியில் சலித்து, கருவேலம்பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தோம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவந்தபோது, "இது ஆரத்தி" என்று கூவினார்கள். படங்களை வெயில் படும் சுவரில் மாட்டினோம். ஒரே மாதத்தில் மஞ்சள்பொடி வெளுத்து மறைந்துவிட்டது. செம்மண்ணும் கரியும் அப்படியே இருக்கின்றன. மண்ணிலிருந்தும் கரியிலிருந்தும் வந்த நிறத்துக்கும் மஞ்சள் செடியிலிருந்து வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு முழுப் பீரியடில் நான் விளக்கியிருந்தாலும் இவ்வளவு பதிந்திருக்காது.

இனி காரியத்துக்கு வருகிறேன். பள்ளியின் கிழக்குச் சுவர் இருபதடி வெறுமையாக இருக்கிறது. பள்ளியின் பெயரை எழுத வேண்டும். பிளக்ஸ் அடித்துவிடலாம் என்றார்கள். நான் உன்னைச் சொல்லியிருக்கிறேன். பிளக்ஸ் வந்து உன் கடையைப் பாதியாக்கிய பிறகு நீ சுவரில் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ. இந்தப் பிள்ளைகள் பெயர்ப் பலகை எல்லாம் அச்சாகி வருகிறது என்றே நினைக்கிறார்கள். நீ இடக்கையில் கம்பைப் பிடித்து, அதன்மேல் வலக்கையை ஊன்றி, ஒரே மூச்சில் 'ழ'வின் வாலை வளைத்து இழுப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். அந்த வளைவை ரப்பரால் செய்ய முடியாது.

கண்ணுக்குத் தூசி ஆகாது என்று டாக்டர் சொன்ன கெடு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை பார்த்து எழுது. மதுரையிலிருந்து காலை பஸ் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். எனாமலும் டர்பன்டைனும் நான் வாங்கி வைக்கிறேன். பிரஷ் உன்னுடையதைத்தான் நீ நம்புவாய், எடுத்து வா. சுவரில் கோடு அடிக்கிற நூலையும் மறக்காதே. நான் வாங்கிய நைலான் நூலில் சாக்பொடி நிற்கமாட்டேன் என்கிறது.

உன்
ரப்பர்