நான்கு சாட்சிகளை விட்டுவிட்ட கட்டுரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில், "கணவனுக்குச் சந்தேகம் வந்தாலே போதும், இஸ்லாமியச் சட்டப்படி மனைவிக்குக் கல்லடிதான்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. பெங்களூரில் முஸ்லிம் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த வரியைக் காட்டியே மனைவியை மிரட்டுகிற ஆண்கள் சிவாஜிநகரிலும் டேனரி ரோட்டிலும் உண்டு. இது தாங்கள் அறியாததல்ல.

சட்டம் சொல்வதோ இதற்கு நேர்மாறு. குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் அந்நூர். அதன் 2ஆம் வசனம் விபச்சாரம் செய்த ஆண், பெண் இருவருக்கும் 100 கசையடி என்கிறது. ஒழுக்கமான பெண்மீது பழி சொல்லிவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவனுக்கு 80 கசையடி, அவன் சாட்சியம் இனி எக்காலத்துக்கும் செல்லாது என்கிறது 4ஆம் வசனம். தங்கள் கட்டுரையாளர் 2ஆம் வசனத்தோடு நின்றுவிட்டார். கல்லெறி தண்டனை ஹதீஸிலிருந்து (நபிமொழித் தொகுப்பிலிருந்து) வருவது. மணமாகி இல்லறம் நடத்தியவர்களுக்கு அது உண்டு என்று ஹனஃபி, மாலிகி, ஷாஃபி, ஹம்பலி ஆகிய நான்கு மதஹபுகளின் (சட்டப் பிரிவுகளின்) கிதாபுகளும், அதாவது நூல்களும், எழுதுகின்றன. அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கிதாபுகளே அதற்கு முன்னால் போட்டிருக்கும் பூட்டுகளைத் தாங்கள் மறைத்ததுதான் மனவருத்தம்.

சாட்சிகள் நான்கு பேரும் வயதுவந்த, நேர்மையான ஆண்களாக இருக்க வேண்டும். ஒரே அறையிலிருந்து இருவரும் வெளியே வந்ததைப் பார்த்தோம் என்றால் போதாது. சுர்மாச் சிமிழுக்குள் (கண்மைச் சிமிழுக்குள்) குச்சி போவதுபோல அந்தச் செயலையே கண்ணால் கண்டிருக்க வேண்டும். இடம், நேரம், ஆள் எதிலும் நால்வர் பேச்சும் முரண்படக் கூடாது. ஹனஃபி சட்டத்தில் நால்வரும் ஒரே அமர்வில் சாட்சி சொல்ல வேண்டும்; முதல் கல்லையும் அவர்களே எறிய வேண்டும், மறுத்தால் தண்டனை விழுந்துவிடும். ஒரு சாட்சி பின்வாங்கினால் என்ன ஆகும்? கலீஃபா உமர் (ரலி) ஆட்சியில் பஸ்ராவின் ஆளுநர்மீது மூன்று பேர் சாட்சி சொன்னார்கள், நான்காமவர் செயலைத் தெளிவாகக் காணவில்லை என்றார். அடி வாங்கியது அந்த மூன்று பேர்தான்.

ஒப்புதல் வாக்குமூலத்திலும் இதே கவனம் உண்டு. மாஇஸ் என்பவர் தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நபிகள் நாயகம் (ஸல்) முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், முத்தமிட்டதோடு நின்றிருக்கலாமே என்றும் கேட்டார்கள். இதிலிருந்துதான் ஹனஃபி, ஹம்பலி சட்டங்கள் நான்கு முறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கின்றன. காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்கள் பின்பற்றும் ஷாஃபி சட்டத்தில் ஒரு முறை போதும். ஆனாலும் தண்டனை நடக்கும் வேளையில்கூட வாக்குமூலத்தை வாபஸ் வாங்கலாம், வாங்கினால் தண்டனை நின்றுவிடும்.

இனி கணவன். வேறு சாட்சி இல்லாமல் மனைவியைப் பழித்தால் அவனுக்கு மிஞ்சுவது லிஆன், அதாவது கணவனும் மனைவியும் மாறி மாறிச் சத்தியம் செய்யும் முறை. தான் சொல்வது உண்மை என்று நான்கு முறை சத்தியம் செய்து, பொய்யென்றால் இறைவனின் சாபம் தன்மேல் இறங்கட்டும் என்று ஐந்தாவதாகச் சொல்ல வேண்டும். அவன் பொய்யன் என்று மனைவி நான்கு முறை சத்தியம் செய்து, அவன் சொன்னது உண்மையென்றால் தன்மேல் இறைவனின் கோபம் இறங்கட்டும் என்று ஐந்தாவதாகச் சொன்னால் முடிந்தது. அவளுக்கு ஒரு அடிகூட இல்லை. திருமணம் மட்டும் முறியும். சந்தேகம் என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் மதிப்பு இவ்வளவுதான்.

இந்தியாவில் இதன் பயன் மனைவிக்கே. கணவன் பொய்ப் பழி சுமத்தினான் என்பதைக் காரணமாகக் காட்டி, 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்கீழ் அவள் விவாகரத்து கேட்கலாம். சறுக்குவது ஓரிடத்தில்: சாட்சி விசாரணை முடிவதற்குள் கணவன் நிபந்தனையின்றிப் பழியை வாபஸ் வாங்கினால் அந்தக் காரணம் நிற்காது. அதனால் கொடுமை, ஜீவனாம்சம் தராதது போன்ற காரணங்களையும் மனுவில் சேர்த்தே எழுத வேண்டும். குடும்ப நீதிமன்றத்துக்கு வரும் பெண்களுக்குத் தேவைப்படுவது இந்தத் தகவல். தங்கள் நாளிதழில் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

பார்த்ததெல்லாம் வேறு. 27.9.2018 அன்று விபச்சாரத்தைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் இது பொருந்தாது என்று எழுதினீர்கள். 1862 முதல் இந்த நாட்டில் குற்றவியல் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் திருமணம், வாரிசுரிமை, வக்ஃபு போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. அப்போதும் கடிதம் எழுதினேன், வரவில்லை. 2025 ஏப்ரலில் தாவணகெரே மாவட்டத்தில் பள்ளிவாசல் முன்பாக ஒரு பெண்ணைக் கும்பல் அடித்ததற்கு "ஷரியா தண்டனை" என்று தலைப்புப் போட்டீர்கள். குழாயும் கட்டையும் எடுத்து அடித்தவர்களுக்கு அந்தத் தலைப்பு ஒரு மரியாதையைக் கொடுத்துவிட்டது. ஷரியா சட்டத்தின்படி பார்த்தாலும் சாட்சியும் இல்லை, காஜியும் (நீதிபதியும்) இல்லை, குற்றவாளிகள் அவர்களே.

சட்டம் தவறாகப் போன இடங்களையும் எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். 1979இல் பாகிஸ்தான் கொண்டுவந்த ஜினா (விபச்சார) அவசரச் சட்டத்தில், வல்லுறவுக்கு ஆளாகிப் புகார் கொடுத்த பெண்ணின் கர்ப்பமே அவளுக்கு எதிரான சான்றாக ஆனது. 1983இல் பார்வையற்ற ஓர் இளம்பெண்ணுக்கு 15 கசையடி விதித்தார்கள், ஆண்கள் விடுதலையானார்கள். மேல்முறையீட்டில்தான் அவர் தப்பினார். 2006இல் வல்லுறவைப் பழையபடி தண்டனைச் சட்டத்துக்கு மாற்றினார்கள். நைஜீரியாவில் கட்சினா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் ஒரு பெண்ணின் கல்லெறி தண்டனையை ரத்து செய்தது. மூன்று நீதிபதிகள் அமர வேண்டிய இடத்தில் ஒருவரே அமர்ந்ததும், வாக்குமூலம் முறையாகப் பெறப்படாததும் அதற்கான காரணங்களில் இரண்டு. இவற்றையெல்லாம் எழுத இடம் இருக்கும் நாளிதழில், நான்கு சாட்சி என்ற இரண்டு சொற்களுக்கு இடமில்லாமல் போனதே என்பதுதான் என் ஆற்றாமை.

நான் கேட்பது இரண்டே. அந்த வரி தவறு என்று வரும் ஞாயிறு மலரில் அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். இனி இத்தகைய செய்திகளில், குற்றம் சாட்டப்பட்ட பெண் எந்தத் தெரு, கணவருக்கு என்ன கடை என்றெல்லாம் எழுதாமல் விடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்,
சிவாஜிநகர், பெங்களூரு