கறி வேகவில்லை என்றாயே, அதைப் பற்றி

கிருஷ்ணகிரி
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் கேட்டதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு பாட் ரோஸ்ட் செய்வது எப்படி என்று கிருஷ்ணகிரிக்காரியிடம் கேட்கிறாய். மாட்டுக்கறியை முழுத் துண்டாக, மூடி போட்டு மெல்ல வேக வைக்கிற அவர்கள் ஊர்ச் சமையல். உன் பிரசவத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா செய்து காட்டியதுதான் எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் குட்டி விடமாட்டான்.

நீ வாங்கிய கறியிலேயே கோளாறு. ரவுண்ட் என்றாயே, அது பின்தொடை. கொழுப்பு கிடையாது, எவ்வளவு வேக வைத்தாலும் சக்கைதான். சக் ரோஸ்ட் என்று கேள், தோள்பக்கத்துக் கறி. இங்கே சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் முன்சப்பை கேட்டேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கத்தியை ஓங்கிவிட்டார். "வெட்டாதீங்க, ஒன்றரைக் கிலோவும் ஒரே துண்டா வேணும்" என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முதல் நாள் ராத்திரியே உப்பும் மிளகும் தடவி வை. மறுநாள் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடு. ஈரம் இருந்தால் கறி சிவக்காது, அவிந்துதான் போகும். அடி கனத்த பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் புரட்டாமல் விடு. பிறகு கறியை எடுத்து வைத்துவிட்டு வெங்காயம், கேரட், பூண்டு, இரண்டு தக்காளி வதக்கு. அங்கே ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் ஊற்றுகிறார்கள். நான் நம்ம தர்மபுரிப் புளியைக் கொஞ்சம் கரைத்து விட்டேன், குறையொன்றும் தெரியவில்லை. பிரிஞ்சி இலை மட்டும் போடாதே. நம்ம இலையில் பட்டை வாசனை, அவர்கள் போடுகிற பே லீஃப் வேறு. கறியைத் திரும்ப உள்ளே வை, அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர் போதும்.

ஒன்றரை மணி நேரத்தில் குத்திப் பார்த்துக் கல் மாதிரி இருக்கிறது என்று சூட்டைக் கூட்டினாயே, அங்கேதான் கெட்டது. அந்த நேரத்தில் கறி அப்படித்தான் இருக்கும். முதலில் சதை சுருங்கித் தண்ணீரை விட்டு இறுகும். சதைக்கு நடுவே இருக்கிற ஜவ்வு அப்புறம்தான் மெல்ல மெல்லக் கரையும். கரைந்த ஜவ்வுதான் கறியை மெத்தென்று ஆக்குவது. மறுநாள் குழம்பு ஆட்டுக்கால் பாயா மாதிரி உறைந்து கிடக்குமே, அதுவும் இதனால்தான். உன் ஓவனில் 300 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்து மூடி போட்டு மூன்று மணி, மூன்றரை மணி விடு. முள்கரண்டி தானாக இறங்கினால் எடு. எனக்கு ஓவன் ஏது? புளியங்கட்டைத் தணலில் குண்டாவை ஏற்றி, மூடிமேலும் நாலு கங்கு போட்டேன். கிழட்டு மாட்டுக்கறியை உன் ஆயா இப்படித்தான் வைப்பார்.

கூட வைக்க மசிக்கிற உருளைக்கிழங்கில் நானும் ஒரு தடவை ஏமாந்தேன். சீக்கிரம் ஆகட்டும் என்று மிக்சியில் போட்டேன். போஸ்டர் ஒட்டுகிற பசையாகிவிட்டது. கிழங்கை அடித்தால் மாவு வெளியே வந்து இழுக்கும். களியைத்தான் துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும், இதைத் தொட்டும் தொடாமலும் மசிக்க வேண்டும். வெந்ததும் தண்ணீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிஷம் அடுப்பில் காட்டினால் ஈரம் போகும். அப்புறம் வெண்ணெய், கடைசியில் சூடான பால். பாலைப் பச்சையாக, ஜில்லென்று ஊற்றாதே.

மசித்த கிழங்கைத் தட்டில் வைத்து நடுவே குழி பறித்துக் குழம்பை ஊற்றிக் கொடுத்தேன். உன் அப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். ராத்திரி மீதிக் குழம்பைச் சுட வைக்கிறேன், "ராகி மாவு இருக்கா?" என்றார். களி கிண்டிப் போட்டேன். இரண்டு உருண்டை உள்ளே போனது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கறி வெந்ததா என்று மறக்காமல் போன் பண்ணு.

அம்மா