எடையைக் குறைக்கச் சொல்லும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள், டாக்டர்

சென்னையில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவர்களுக்கு வணக்கம்.

கால்வலி என்று உங்களில் பலரிடம் வந்து, எடை மெஷினில் ஏறி இறங்கி, "அரிசியைக் குறைங்கம்மா, நல்லா நடங்க" என்ற பேச்சோடு வீடு திரும்பியவள் நான். குறைத்தேன், பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தேன். முகம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது, இடுப்புக்குக் கீழே மட்டும் ஒன்றும் அசையவில்லை. ஒளித்துவைத்துத் தின்கிறேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள்.

எனக்கு இருப்பது லிப்பிடிமா, காலில் கொழுப்பு அளவுமீறிச் சேர்ந்து வலிக்கும் நோய். 1940-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஆலனும் ஹைன்ஸும் எழுதிவைத்தது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இருக்கிறது. அநேகமாகப் பெண்களுக்குத்தான் வரும். வயதுக்கு வரும்போதோ, பிள்ளை உண்டாகும்போதோ, மாதவிடாய் நிற்கும்போதோ தலைகாட்டும். பெரும்பாலும் கண்ணும் கையும் இருந்தாலே சந்தேகப்பட்டுவிடலாம். இரண்டு காலும் ஒன்றுபோலப் பருத்து, கொழுப்பு கணுக்காலோடு நின்றுவிடும், பாதம் மெலிந்தே இருக்கும். அழுத்தினால் வலிக்கும், எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் கன்றிப்போகும். யானைக்கால் வீக்கத்தில் பாதமும் வீங்கும், இரண்டாவது விரலின் தோலைக் கிள்ளித் தூக்க வராது, எங்களுக்கு வரும். சேலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கச் சொன்னால் போதும்.

எடை ஏறினால் இந்த நோய் இன்னும் மோசமாகும் என்பதும், நடப்பதும் நீச்சலும் நல்லது என்பதும் எனக்குத் தெரியும், அதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் பட்டினி கிடந்தும் கால் குறையாதபோது ஒரு பெண் தன்னைத்தான் வெறுக்க ஆரம்பிக்கிறாள், பகலெல்லாம் சாப்பிடாமல் இருந்து ராத்திரி அள்ளித் தின்றுவிட்டு அழுகிறாள், கல்யாண வீட்டில் அத்தை "இன்னும் குறையலையாடி?" என்று கேட்பார் என்பதற்காகவே போகாமல் இருக்கிறாள், டவுன் பஸ்ஸில் யாருடைய பையாவது தொடையில் இடித்து உயிர் போனாலும் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வு பிறகு எங்கிருந்து வரும்?

இறுக்கமான காலுறை போட்டால் வலி குறைகிறது. சென்னை மே மாதத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷனுக்கு, நோய் முற்றிய மூன்றாம் நிலை நோயாளிகள் என்றால், ஜெர்மனியில் 2020-லேயே பொதுக் காப்பீடு பணம் தர ஆரம்பித்துவிட்டது. இங்கே அது அழகு சிகிச்சைக் கணக்கில் போய்விடும், உங்கள் சீட்டில் 'உடல் பருமன்' என்று மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் வாதாடக்கூட வழியில்லை.

சந்தேகம் வந்தால் சீட்டில் லிப்பிடிமா என்று எழுதுங்கள், ரத்தநாள மருத்துவரிடம் அனுப்புங்கள். தூக்கம் வருகிறதா, சாப்பாட்டைக் கண்டால் பயமா என்றும் கேளுங்கள். கூட வந்த கணவரையோ மாமியாரையோ வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள்.