பயிற்சி மாணவர்களும் போகட்டும்

ஆசிரியர்களின் வெளிநாட்டுக் கல்விப் பயணம் பற்றிய செய்தியைப் படித்தேன். 2024இல் 'கனவு ஆசிரியர்' விருது பெற்றவர்களைத் தமிழ்நாடு அரசு பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றது நல்ல காரியம்தான். ஆனால், இருபது வருடம் பாடம் நடத்திப் பழகியவரைவிட, இன்னும் எந்தப் பழக்கமும் ஊறாத பி.எட். மாணவருக்குத்தான் இத்தகைய அனுபவம் அதிகம் ஒட்டும். ஐரோப்பாவில் 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டம் மாணவர்களை மையமாக வைத்தே வளர்ந்தது.

நான் பயிற்சி எடுத்த பள்ளிக்கு டென்மார்க்கிலிருந்து இரண்டு பயிற்சி மாணவிகள் மூன்று வாரம் வந்திருந்தனர். ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திய ஒருவர், கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். எங்களுக்கோ கை பரபரத்தது. நாங்களாக இருந்தால் அதற்குள் விடையைச் சொல்லி முடித்திருப்போம். கடைசி பெஞ்சுப் பையன் மெதுவாகக் கை தூக்கினான். அப்புறம், நம் பிள்ளைகள் ராகம் போட்டு வாய்ப்பாடு சொன்னதை அவர் வியந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் எங்களில் ஒருவர்கூட அவர்கள் ஊருக்குப் போகவில்லை. வருவது மட்டும் பரிமாற்றம் ஆகுமா? பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி இருக்கிறது. அதில் மூன்று வாரத்தை வெளிநாட்டுப் பள்ளியில் கழிக்க, ஆண்டுக்குச் சில அரசுக் கல்லூரி மாணவர்களுக்காவது உதவித்தொகையுடன் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வழிசெய்யலாம்.

- ஒரு பட்டதாரி ஆசிரியை, தஞ்சாவூர்